கடை இறைச்சியில் கிருமி இருக்கிறது என்றால், அது நம் செல்லை என்ன செய்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: கடையில் விற்கும் இறைச்சியில் கெட்ட பாக்டீரியா இருப்பதாகச் செய்தி படித்தீர்கள். சமைத்தால் செத்துவிடும்தானே, பிறகு ஏன் இவ்வளவு கலவரம்? மணம் நன்றாக இருந்தால் போதாதா? ஃப்ரீசரில் வைத்தால் சாகாதா? இத்தனை வருடம் சாப்பிட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே? ‘செல்களைச் சிதைக்கிறது’ என்று எழுதுகிறார்களே, உள்ளே உண்மையில் என்னதான் நடக்கிறது? இதில் கடைசிக் கேள்விதான் அடிப்படைக் கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஒவ்வொரு கிருமியும் செல்லை எப்படிக் கெடுக்கிறது என்று தெரிந்தால், சமையலறையில் எந்த விதி எதற்கு என்பது தானாகப் புரிந்துவிடும்.

நான் உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், மருத்துவர் இல்லை. அதனால் சிகிச்சை பற்றி அதிகம் பேச மாட்டேன். முதலில், ‘கிருமி கண்டறியப்பட்டது’ என்ற வரியை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் செய்திகளில் அடிபடுவது அதுதான். சால்மொனெல்லா என்ற குடல்நோய்க் கிருமியைச் சோதிக்க வழக்கமாக 25 கிராம் இறைச்சியை எடுத்துக் கரைசலில் போட்டு, ஒரு நாள் முழுக்க இளஞ்சூட்டில் வைத்து வளர்ப்போம். அந்த 25 கிராமில் ஒரே ஒரு உயிருள்ள செல் இருந்தாலும் அது கோடிக்கணக்கில் பெருகி மறுநாள் அகப்பட்டுவிடும். அறிக்கையில் ‘உண்டு’ என்று எழுதுவோம். ஆயிரம் இருந்திருந்தாலும் அதே ‘உண்டு’தான். ஆக ‘இத்தனை சதவீத மாதிரிகளில் இருந்தது’ என்பது எத்தனை பாக்கெட்டுகளில் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது, ஒரு பாக்கெட்டில் எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்வதில்லை. எண்ணிக்கையையும் பார்த்த ஆய்வுகள் குறைவு. பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல் ஒரு வருடம் கடைகளில் விற்ற கோழிகளை உணவுத்தர முகமை சோதித்தது. 73 சதவீதக் கோழிகளில் கேம்பிலோபேக்டர் என்ற இன்னொரு குடல்நோய்க் கிருமி இருந்தது. ஆனால் தோலின் ஒரு கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்தவை 19 சதவீதம். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியம். செய்தித்தாள்களுக்கு முதல் எண் பிடித்துப்போனது.

ஆரோக்கியமான விலங்கின் தசையின் உட்பகுதி ஏறக்குறையக் கிருமியற்றது. கிருமி இருப்பது குடலிலும் தோலிலும் இறகிலும் முடியிலும். தோலுரிக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் ஒரு கீறல், ஒரு சிந்தல் போதும், வெட்டிய பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். முழுத் துண்டாக இருக்கும்வரை அது மேல்பரப்பிலேயே இருக்கிறது, சூடு முதலில் படும் இடமும் அதுதான். அரைத்துவிட்டால் கதை மாறுகிறது. மேல்பரப்பு என்று ஒன்றே இல்லாமல் போய், வெளியே இருந்தது நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பல விலங்குகளின் இறைச்சி ஒரே அரவையில் கலப்பதும் உண்டு. மணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இறைச்சியை நாற வைப்பதும் பிசுபிசுப்பாக்குவதும் பெரும்பாலும் சூடோமோனாஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள். அவை குளிரிலும் வளர்ந்து கோடிக்கணக்கில் பெருகிய பிறகுதான் மூக்குக்குத் தெரியும். நோய் தரும் கிருமிகள் கிராமுக்குப் பத்தோ நூறோ இருந்தால் எந்த வாசனையும் வராது. நாறும் இறைச்சியைத் தூக்கிப் போடுங்கள், சரிதான். நாறாத இறைச்சிக்கு மூக்கு சான்றிதழ் தர முடியாது.

இனி உள்ளே நடப்பது. சால்மொனெல்லாவிலிருந்து தொடங்குகிறேன், அதன் தந்திரம் எனக்கு எப்போதுமே வியப்பு. வயிற்று அமிலத்தைத் தாண்டிக் குடலுக்கு வந்ததும், அது குடற்சுவர்ச் செல்லின் மேல் போய் ஒட்டுகிறது. அதன் உடலில் மூலக்கூறு அளவிலான ஊசிகள் உண்டு, பெயருக்கு ஏற்றபடி ஊசியேதான். அடிப்பகுதி பாக்டீரியாவின் சுவரில் பதிந்திருக்கும், முனை நம் செல்லின் சவ்வைத் துளைக்கும். அதன் வழியாகச் சில புரதங்களை நேரே நம் செல்லுக்குள் செலுத்துகிறது. அந்தப் புரதங்கள் செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளைத் தாறுமாறாக வளரச் செய்கின்றன. உணவை உறிஞ்சுவதே வேலையாக இருக்கும் செல், கொதிக்கும் பாலின் ஆடைபோல் மேலெழும்பிச் சுருங்கி, வெளியே இருந்த பாக்டீரியாவைத் தானே வாரி உள்ளே போட்டுக்கொள்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். உள்ளே போனபின் செரித்துக் கொல்லவேண்டிய பைக்குள்ளேயே உட்கார்ந்து, வேறொரு ஊசித் தொகுதியால் அந்தப் பையின் வேலையைக் கெடுத்துவிட்டு அங்கேயே பெருகும். கிருமியை விழுங்கிக் கொல்ல வரும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளும் இதே குடித்தனம்தான்.

உடல் சும்மா இருக்காது. வெள்ளணுக்கள் படையாக வந்து வீக்கம் உண்டாகிறது, பாதிக்கப்பட்ட செல்கள் குடற்சுவரிலிருந்து கழன்று விழுகின்றன, நீர் கசிகிறது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பெருமளவு நம் உடலின் எதிர்வினை. 2010-ல் வந்த ஒரு கண்டுபிடிப்பு இதில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. வீக்கத்தின்போது வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜன் வேதிகள் குடலில் உள்ள கந்தகச் சேர்மத்தை டெட்ராதயோனேட்டாக மாற்றுகின்றன. சால்மொனெல்லாவால் அதைக் கொண்டு சுவாசிக்க முடியும், குடலின் பூர்வகுடி பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றால் முடியாது. அதாவது வீக்கம் இதற்கு லாபம், அதனால்தான் தூண்டுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆய்வகங்களில் மற்ற பாக்டீரியாக்களை அடக்கி சால்மொனெல்லாவை மட்டும் வளர்த்தெடுக்க டெட்ராதயோனேட் கரைசலைத்தான் 1920-களிலிருந்து பயன்படுத்திவருகிறோம். குடலும் அதே கரைசலைத்தான் தயாரித்துக்கொண்டிருந்தது என்று தெரியாமலேயே நானும் நூற்றுக்கணக்கான குடுவைகள் கலந்திருக்கிறேன்.

கேம்பிலோபேக்டர் வேறு வகை. கோழியின் குடலில் அது எந்தத் தொந்தரவும் செய்யாமல் வாழும், கோழிக்கு நோய் என்று பார்த்தால் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் தக்கை திருகி மாதிரி சுருண்ட சின்ன உடல், சர்ரென்று ஒரு பக்கம் பாய்ந்து, திரும்பி, மறுபக்கம் பாயும். அந்தத் திருகு உருவம்தான் குடலின் கெட்டியான சளிக்குள் துளைத்துப் போக உதவுகிறது. வளர்ப்பதற்குத்தான் ரொம்பப் பிகு. ஆக்சிஜன் குறைவாக இருக்கவேண்டும், 42 டிகிரி செல்சியஸ் பிடிக்கும், 30 டிகிரிக்குக் கீழே பெருகவே பெருகாது. இவ்வளவு நோஞ்சானான கிருமி எப்படிப் பல நாடுகளில் வயிற்றுப்போக்குக் கிருமிகளில் முதலிடத்தில் இருக்கிறது? பெருகத் தேவையே இல்லை என்பதுதான் விடை. தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் ஐந்நூறு, எண்ணூறு செல்களே நோய் தரப் போதுமாக இருந்தன. மேலே சொன்ன கணக்கில் கிராமுக்கு ஆயிரம் இருக்கும் தோலில் அரை கிராமிலேயே ஐந்நூறு இருக்கும்.

இது குடற்செல்களை இறுக்கிப் பிடித்திருக்கும் புரதத் தையலைத் தன் நொதியால் வெட்டி, செல்களின் இடுக்கு வழியே நுழைகிறது. பல இனங்களிடம் இன்னொரு ஆயுதமும் உண்டு. செல்லின் கருவுக்குள்ளேயே போய் டிஎன்ஏ இழைகளை வெட்டும் நச்சு. டிஎன்ஏ அறுந்ததும் செல் ‘சரிசெய்யாமல் பிரியக்கூடாது’ என்று தன் பிரிதலை நிறுத்திக்கொள்ளும். ஆனால் வளர்வதை நிறுத்தாது. ஆய்வகத் தட்டில் இந்த நச்சை இட்ட செல்களை மூன்று நாள் கழித்துப் பார்த்தால், பக்கத்துத் தட்டில் உள்ளவற்றைவிடப் பல மடங்கு ஊதிப் பெருத்து, வெளிறிப்போய், பின் ஒவ்வொன்றாகச் சாகும். படமாக எடுத்துக் காட்ட நன்றாக இருக்கும், அதனால் இணையத்தில் இதற்குத் தகுதிக்கு மீறிய புகழ். ஆனால் இந்த நச்சே இல்லாத இனங்களும் நோயாளிகளிடமிருந்து கிடைத்திருக்கின்றன. ஆகவே தட்டில் காண்பதுதான் மனிதக் குடலில் நோய்க்கு முக்கியக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. இந்தக் கிருமியின் மேலுறையிலுள்ள சில சர்க்கரைச் சங்கிலிகள் நம் நரம்புகளின் மேலுள்ளவை போலவே இருக்கும். கிருமிக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் சிலருக்கு நரம்பையே தாக்கிவிடும். குடல் சரியாகி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கால் பலவீனமாகிப் படுத்துவிடும் கில்லன்-பாரே நோய்க்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏறத்தாழ ஆயிரம் தொற்றில் ஒன்றுக்கு நேர்வதாகக் கணக்கு.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது ஈ.கோலையின் ஒரு சிறு பிரிவுக்கு. நம் எல்லோர் குடலிலும் ஈ.கோலை உண்டு, பெரும்பாலானவை சாது. 1982-ல் அமெரிக்காவின் ஓரிகனிலும் மிச்சிகனிலும் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தமாகப் போனபோது ஓ157:எச்7 என்ற வகை முதலில் அடையாளம் காணப்பட்டது. 1993-ல் அதே நாட்டின் மேற்குப் பகுதியில் சரியாக வேகாத ஹாம்பர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மறுவருடமே அரைத்த மாட்டிறைச்சியில் இந்த வகை இருந்தால் அது கலப்பட உணவு, விற்கக்கூடாது என்று அங்கே அறிவித்தார்கள். பச்சை இறைச்சியில் ஒரு பாக்டீரியாவை அப்படி அறிவித்தது அதுதான் முதல் முறை.

இது குடற்செல்லில் ஒட்டும் விதமே விசித்திரம். தான் பிடித்துக்கொள்ள வேண்டிய கைப்பிடியைத் தானே தயாரித்து, ஊசியால் நம் செல்லுக்குள் அனுப்பி, அது சவ்வின் வெளியே தலைகாட்டியதும் அதைப் பற்றிக்கொள்கிறது. செல்லின் மேலிருந்த நுண்விரல்கள் அழிந்து, பாக்டீரியாவுக்குக் கீழே ஒரு பீடம் எழும்புகிறது. ஆனால் ஆளைக் கொல்வது இந்த ஒட்டுதல் அல்ல, இது சுரக்கும் ஷிகா நச்சு. 1897-ல் சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்த ஜப்பானியர் கியோஷி ஷிகாவின் பெயர். நச்சில் இரண்டு பகுதி. ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்த பகுதி செல்லின் மேலுள்ள ஜிபி3 என்ற கொழுப்பைப் பற்றிக்கொள்ளும். செல் அதை உள்ளே இழுத்துக்கொண்டதும், வழக்கமாகப் புரதங்கள் வெளியேறும் பாதையில் இது எதிர்த்திசையில் பயணித்து, புரதம் தயாராகும் கூடம்வரை போய், அங்கிருந்து மற்றப் பகுதி செல்திரவத்துக்குள் நழுவும். பிறகு அது செய்வது ஒரே ஒரு வேலை. செல்லில் புரதம் செய்யும் இயந்திரம் ரைபோசோம். அதன் பெரிய ஆர்என்ஏவில் சுமார் 5000 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் குறிப்பிட்ட ஓர் இடத்து அடினின் என்ற எழுத்தை மட்டும் பிடுங்கி எறிகிறது. அவ்வளவுதான், அந்த ரைபோசோம் இனிப் புரதம் செய்யாது. நச்சு செலவாவதில்லை, அடுத்த ரைபோசோமுக்குப் போகும். ஆமணக்கு விதையின் ரைசின் நஞ்சும் அச்சுப்பிசகாமல் இதே எழுத்தைத்தான் பிடுங்குகிறது.

இந்த நச்சைச் சோதிக்க நாங்கள் பயன்படுத்துவது வீரோ செல்கள், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தவை. முதல் நாள் தட்டின் அடியில் ஓடு பதித்த தரைபோல் நெருக்கமாக ஒட்டியிருக்கும். நச்சிட்டு இரண்டு மூன்று நாளில் ஒவ்வொன்றும் உருண்டு, பிடி விட்டு, திரவத்தில் தூசிபோல் மிதக்கும். சிறுநீரகச் செல் என்பது தற்செயல் என்றாலும் பொருத்தமானது. நம் சிறுநீரகத்தின் மெல்லிய ரத்தக்குழாய்ச் சுவரில் ஜிபி3 தாராளமாக உண்டு. அங்கே சுவர் சேதமாகி ரத்தம் உறைந்து அடைக்கும். அந்த அடைசல் வழியே போகும் சிவப்பணுக்கள் கிழிபடும், தட்டணுக்கள் தீர்ந்துபோகும். வயிற்றுப்போக்கு தொடங்கி ஒரு வாரம் ஆகும்போது குழந்தை வெளிறி, சிறுநீர் குறைந்து வருவது இதனால்தான். ஓ157 தொற்றியவர்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இப்படிப் போகிறது, சிறு குழந்தைகளில் இன்னும் அதிகம். மாட்டின் ரத்தக்குழாய்களில் இந்த ஜிபி3 பிடிப்பிடம் இல்லை. கிருமியைச் சுமந்துகொண்டு அது பாட்டுக்கு ஆரோக்கியமாக மேய்ந்துகொண்டிருக்கும். நோயுற்ற மாட்டை ஒதுக்கினால் போதும் என்ற யோசனை இங்கே உதவாததற்கு அதுதான் காரணம். நோய் தரத் தேவையான எண்ணிக்கையோ நூறுக்கும் குறைவு.

சிகிச்சை பற்றி ஒரு வார்த்தை மட்டும். ஷிகா நச்சின் மரபணு பாக்டீரியாவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வைரஸில் இருக்கிறது. சில ஆன்டிபயாடிக்குகள் அந்த வைரஸைத் தட்டி எழுப்பி நச்சு உற்பத்தியைக் கூட்டுவது ஆய்வகத்தில் தெளிவாகத் தெரிகிறது. நோயாளிகளிடம் எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒரேபோல் கெடுதலா என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் ஓயவில்லை. மலத்தில் ரத்தம் தெரிந்தால் கையிலிருக்கும் மாத்திரையையோ போக்கை நிறுத்தும் மருந்தையோ போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

‘சமைத்தால் செத்துவிடும்தானே’ என்றீர்கள். மேலே சொன்ன மூன்றுக்கும் முழுக்கச் சரி. ஆனால் இரண்டு கிருமிகள் இந்தக் கணக்கில் அடங்காது. ஒன்று கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். வாழ முடியாத நிலை வந்தால் இது விதைபோன்ற ஸ்போராகச் சுருண்டு உறங்கும், கொதிநீரையும் தாங்கும் வகைகள் உண்டு. பெரிய பாத்திரத்தில் நிறைய இறைச்சியைச் சமைத்து அப்படியே மூடி வைத்தால் நடப்பதைப் பாருங்கள். சமைத்த சூடு மற்றக் கிருமிகளையெல்லாம் கொன்று இடத்தைக் காலிசெய்து கொடுத்துவிட்டது, கொதித்ததில் ஆக்சிஜனும் வெளியேறிவிட்டது, சூடே ஸ்போரை எழுப்பியும் விட்டது. பாத்திரம் மெல்ல ஆறி 45 டிகிரி வாக்கில் நிற்கும்போது இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கணக்குப் போட்டால் ஒரு செல் 3 மணி 20 நிமிடத்தில் 10 லட்சத்தைத் தாண்டும். உண்மையில் தொடங்கக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கணக்கின் போக்கு அதுதான். அந்த உணவைச் சூடாக்காமல் சாப்பிட்டால், உயிரோடு குடலுக்குப் போன செல்கள் அங்கே மறுபடி ஸ்போராக மாறும். மாறும்போது தாய்ச்செல் வெடித்து நச்சு வெளியே கொட்டும். அந்த நச்சு நம் குடற்செல்களை ஒட்டவைக்கும் கிளாடின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, சவ்வில் துளை போட்டு உட்கார்ந்துவிடும். துளை வழியே கால்சியம் பாயும். கொஞ்சமாகப் பாய்ந்தால் செல் ஒழுங்காகத் தற்கொலை செய்துகொள்ளும், அதிகமாகப் பாய்ந்தால் ஊதி வெடிக்கும். குடலுறிஞ்சிகளின் நுனி உதிர்ந்து, சாப்பிட்ட 8 முதல் 16 மணி நேரத்தில் வயிற்றுவலியும் போக்கும் வரும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும்.

இன்னொன்று ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது இறைச்சியைவிட நம் மூக்கிலும் கைப்புண்ணிலும் இருப்பது. சமைத்ததைக் கையால் பிய்த்து வெளியே வைத்தால் அதில் வளர்ந்து நச்சை உணவிலேயே கக்கிவைக்கும். மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகும், நச்சு சாகாது, அரை மணி நேரக் கொதியையும் தாங்கும். அது செல்லைத் துளைப்பதோ வெட்டுவதோ இல்லை. நோயெதிர்ப்பு டி-செல்களையும் அவற்றுக்கு எதிரியை அடையாளம் காட்டும் செல்களையும் முறையின்றிக் கோத்துவிட்டு, ஊரே ஒரே நேரத்தில் கூச்சல் போடுவதுபோல் செய்துவிடும். வாந்தி, குடலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு தூண்டப்படுவதால் வருவது. நச்சு அந்த நரம்பை எந்தச் செல் வழியாகத் தூண்டுகிறது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான் போகும்.

லிஸ்டீரியாவைச் சொல்லாமல் விட முடியாது. மற்றவற்றை நிறுத்திவைக்கும் ஃபிரிட்ஜில் இது மெதுவாக, ஆனால் விடாமல் வளரும். அதனால் பச்சை இறைச்சியைவிட, வெந்தபின் துண்டுபோட்டுப் பாக்கெட்டில் அடைத்து வாரக்கணக்கில் குளிரில் வைத்து அப்படியே சாப்பிடும் இறைச்சியில்தான் இதன் ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-ல் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இது தொற்றி இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செல்லுக்குள் போனதும் தன்னை அடைத்த பையைத் துளைத்து வெளியே வருகிறது. துளைக்கும் புரதம் அமிலமான பைக்குள் மட்டும் நன்றாக வேலை செய்யும், வெளியே வந்ததும் அடங்கிவிடும். செல்லின் வெளிச்சவ்வையும் கிழித்துவிட்டால் குடியிருக்கும் வீடே போய்விடுமே! பிறகு நம் ஆக்டினையே தன் பின்னால் வால் நட்சத்திரம்போல் கட்டி, அந்த உந்துதலில் பக்கத்துச் செல்லுக்குள் குத்திக்கொண்டு நுழையும். வெளியே தலைகாட்டாமலே செல்லிலிருந்து செல்லுக்குப் போவதால் ரத்தத்தின் எதிர்ப்பொருள்கள் இதைப் பார்ப்பதேயில்லை. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைத் தொடும் கிருமி இது. கர்ப்பிணிகளிடம் தனியாக எச்சரிக்கை சொல்வது அதற்காகத்தான்.

இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றீர்களே, அது முழுக்க உண்மையாக இருக்காது என்பது என் ஊகம். கேம்பிலோபேக்டர் சாப்பிட்ட இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் நீங்கள் பத்து வேளை வேறு எதையெல்லாமோ சாப்பிட்டிருப்பீர்கள், பழி கடைசியாகச் சாப்பிட்டதன்மேல் விழுந்திருக்கும். மற்றபடி உங்களைக் காப்பாற்றியது சூடும், வயிற்று அமிலமும், இடம் கொடுக்காத உங்கள் குடல் பாக்டீரியாக்களும்தான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் எடுப்பவர்களுக்கு இந்த முதல் அரண் பலவீனம். ஆன்டிபயாடிக் வேலைசெய்யாத கிருமி இறைச்சியில் இருக்கிறது என்பதும் உண்மைதான். கடைசி ஆயுதமாக வைத்திருந்த கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கிருமியை மசியாமல் செய்யும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீனாவில் பன்றிகளிலும் விற்பனை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டதாக 2015-ல் அறிவித்தார்கள், சோதித்த 523 இறைச்சி மாதிரிகளில் 78-ல் இருந்தது. ஆனால் மருந்துக்கு மசியாதது சூட்டுக்கு மசியாமல் போவதில்லை. அதுவும் அதே சூட்டில்தான் சாகும்.

எவ்வளவு சூடு? துண்டின் நடுவில் 70 டிகிரி செல்சியஸ் இரண்டு நிமிடம் நின்றால் லிஸ்டீரியா பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும், சால்மொனெல்லாவும் ஈ.கோலையும் கேம்பிலோபேக்டரும் அதைவிட லேசான ஆட்கள். கோழிக்கு 74, அரைத்ததற்கு 71 தொட்டால் போதும் என்பது அமெரிக்க அளவு, அங்கே நிமிடக் கணக்கு இல்லை. நிறத்தை நம்பாதீர்கள். அரைத்த மாட்டிறைச்சி காற்றுப்பட்டு வைத்திருந்ததென்றால் 55 டிகிரியிலேயே வெந்ததுபோல் பழுப்பாகிவிடும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் என் அனுபவத்தில் ஆட்கள் கோட்டை விடுவது அடுப்பில் இல்லை, கழுவுமிடத்தில். கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி போகாது, தோலின் மடிப்பில் ஒட்டிக்கொண்டதை நீர் பெயர்க்காது. தெறிக்கும் துளிகள்தான் பக்கத்திலிருக்கும் பாத்திரத்துக்கும் பச்சையாகச் சாப்பிடும் காய்க்கும் போகும். ஒருமுறை பயிற்சிக்கு வந்தவர்களுக்காகக் கழுவுதொட்டியைச் சுற்றித் திறந்த தட்டுகளை வைத்துவிட்டுக் கோழி ஒன்றைக் கழுவச் சொன்னேன். ஒரு முழத்துக்கு அப்பால் இருந்த தட்டில்கூட மறுநாள் கோழியின் பாக்டீரியா முளைத்திருந்தது. கழுவியே ஆகவேண்டும் என்பவர்கள் குழாயைத் திறந்துவிடாமல் பாத்திரத்தில் நீர் வைத்து மெதுவாக அலசுங்கள், பிறகு தொட்டியைச் சோப்பும் சுடுநீரும் விட்டுத் தேயுங்கள். இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் காய் நறுக்காதீர்கள். சமைத்து மிஞ்சியதை ஆழமான பாத்திரத்தில் வைக்காமல் அகன்ற தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள். எடுத்ததும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

ஃப்ரீசர் பாக்டீரியாவைக் கொல்லும் கருவி இல்லை, நிறுத்திவைக்கும் கருவி. சால்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் மாதக்கணக்கில் உறைந்து கிடந்து, உருகியதும் எழுந்துகொள்ளும். நோஞ்சான் கேம்பிலோபேக்டர் மட்டும் உறைவில் பெருமளவு சாகும், முழுக்க இல்லை. ஐஸ்லாந்தில் 2000 முதல், இந்தக் கிருமி தென்பட்ட பண்ணைகளின் கோழிகளை உறையவைத்த பிறகே விற்கச் செய்தார்கள். மனிதர்களிடம் நோய் நன்றாகக் குறைந்தது. அதே நேரத்தில் வேறு நடவடிக்கைகளும் எடுத்ததால் எவ்வளவு பங்கு உறைவினுடையது என்று பிரித்துச் சொல்வது கடினம். உருக்கும்போது மேசைமேல் விடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், விளிம்புள்ள தட்டில் வையுங்கள். அதிலிருந்து வடியும் சிவப்பு நீரை ரத்தம் என்று நினைக்கிறோம், அது தசையின் மயோகுளோபின் கலந்த நீர். மேல்பரப்பில் இருந்த கிருமிகள் கழுவப்பட்டு வந்து சேர்வது அந்த நீரில்தான். அதைத் துடைத்த துணியை உடனே துவைக்கப் போட்டுவிடுங்கள், அடுத்த மேசையைத் துடைக்க எடுக்காதீர்கள்.